நோர்வேஜியக் கூட்டுச்சொற்கள்: ஒட்டு எங்கே?

'லம்மெலோர்' என்றால் ஆட்டுக்குட்டித் தொடை இறைச்சி. நடுவே இடைவெளி விட்டு 'லம்மெ லோர்' என்று எழுதினால் வாதம் பிடித்த தொடைகள். 'ரெய்க்ஃப்ரீத்' என்றால் புகைக்கு இடமில்லை; பிரித்து எழுதினால் தாராளமாகப் புகைக்கலாம். நோர்வேக்காரரே கடைப்பலகையில் இப்படி எழுதி மாட்டிக்கொள்வதுண்டு. 'சேர்ஸ்க்ரீவிங்' என்பது இந்தப் பிழைக்கு அங்குள்ள பெயர்.

கூட்டுச்சொற்களைப் பிரித்து எழுதும் ஆங்கிலப் பழக்கம் ஒரு காரணம், கணினி இன்னொன்று. நீளமான கூட்டுச்சொல் அகராதியில் இல்லாவிட்டால் எழுத்துத் திருத்தி சிவப்புக் கோடு போடும். இடைவெளி விட்டதும் இரண்டு பாதியும் அகராதியில் கிடைத்துவிடுவதால் கோடு மறையும், பிழை பிறக்கும்.

நீண்ட சொல்லைப் பின்னாலிருந்து பிரியுங்கள். பொருளின் தலையும், முன்னால் 'என்' வருமா 'எத்' வருமா என்று முடிவுசெய்யும் இலக்கணப் பாலும் கடைசிச் சொல்லில் இருக்கின்றன. வைனைக் குறிக்கும் 'வீன்' 'என்' சேரும் சொல், கண்ணாடியையும் கண்ணாடிக் கோப்பையையும் குறிக்கும் 'க்ளாஸ்' 'எத்' சேரும் சொல். ஆகவே 'வீன்க்ளாஸ்' 'எத்' தான். பேசும்போது முதன்மை அழுத்தம் முதல் சொல்லில் விழும்.

குழப்புவது இடையில் வரும் எஸ். 'வீன்க்ளாஸ்' சொல்லில் அது இல்லை. சிவப்பு வைனுக்கான கோப்பை மட்டும் 'ரோவீன்ஸ்க்ளாஸ்' ஆகிறது. முதல் பகுதியே ஒரு கூட்டுச்சொல் என்பதால், பெரிய ஒட்டு எது என்று அந்த எஸ் காட்டுகிறது. இது பெரும்பான்மை வழக்குதான். கால்பந்துப் போட்டியைக் குறிக்கும் 'ஃபூத்பால்காம்ப்' இதற்கு அடங்காது. 'ஹேத்', 'ஷூன்', 'தொம்' என்று முடியும் சொற்களுக்குப் பின் எஸ்ஸை நம்பிப் போடலாம். எட்டு முதல் பத்தாம் வகுப்பு வரையுள்ள பள்ளியான 'உங்தொம்ஸ்ஸ்கூலெ'யில் இரண்டு எஸ் உண்டு: ஒன்று ஒட்டினுடையது, மற்றது 'ஸ்கூலெ'யின் முதலெழுத்து. காதுக்கு ஒன்றாகவே கேட்பதால் பலர் ஒன்றை விழுங்கிவிடுகிறார்கள். சந்தேகம் வந்தால் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கும் 'பூக்மோல்ஸ்ஊர்போகா' அகராதியில் பாருங்கள்.

இனி வரிமுடிவில் சொல்லை மடிப்பது. தனிச்சொல்லில் பொதுவாக உயிருக்கு முன்னுள்ள ஒரு மெய் அடுத்த வரிக்குப் போகும். கூட்டுச்சொல்லை ஒட்டிலேயே மடிப்பது நல்லது. கார் பாகங்களான 'பீல்தேலெர்' சொல்லை 'பீல்-தேலெர்' என்று மடிக்கவேண்டும். 'பில்தெ-லெர்' என்றால் கண் முதலில் 'படம்' என்று படித்துவிடும்.

மூன்று ஒரே மெய் சேர்ந்தால் எழுதுவது இரண்டுதான். இரண்டு எஸ்ஸில் முடியும் 'க்ளாஸ்', ஒரு எஸ்ஸில் தொடங்கும் 'ஸ்கூ' இரண்டும் சேர்ந்து 'க்ளாஸ்கூ', சிண்ட்ரெல்லாவின் கண்ணாடிச் செருப்பு. வரிமுடிவில் மடிக்கும்போது விட்ட எஸ் திரும்பி வரவேண்டும்: 'க்ளாஸ்-ஸ்கூ'. வராவிட்டால் எஞ்சுவது 'க்ளாஸ்-கூ', கண்ணாடிப் பசு! பேருந்து நிறுத்தமான 'புஸ்தொப்'புக்கும் இதே விதிதான்.

வேர்டில் ஆவண மொழியை 'நோர்ஸ்க் பூக்மோல்' (நோர்வேஜியனின் ஓர் எழுத்து வடிவம்) என்று மாற்றாமல் தானியங்கி மடிப்பை இயக்காதீர்கள். மாற்றிய பிறகும் தவறாக மடித்தால், ஒட்டு இருக்கும் இடத்தில் கண்ட்ரோல் விசையோடு இணைகோட்டை அழுத்துங்கள். அந்தக் கோடு சொல் அங்கே மடியும்போது மட்டும் அச்சில் தெரியும்.