மறுசுழற்சிக்கு ஆகாத வீட்டுக் குப்பை: விதிகள் சொல்லும் வழி

வீட்டில் சேரும் குப்பையில் காய்கறித் தோலும் மீந்த சோறும் உரமாகிவிடும். செய்தித்தாளையும் பாட்டிலையும் பழைய பேப்பர் கடைக்காரர் எடைபோட்டு வாங்கிக்கொள்வார். இவை போக, சிப்ஸ் பாக்கெட், ஷாம்பூ சாஷே, அறுந்த செருப்பு, கிழிந்த ரெக்சின் பை, டயப்பர், உடைந்த பீங்கான் என்று எவரும் விலைகொடுத்து வாங்காத ஒரு பகுதி மிஞ்சுகிறது. அதை எங்கே சேர்ப்பது என்பதற்கு 2016-ஆம் ஆண்டின் திடக்கழிவு மேலாண்மை விதிகளிலேயே விடை இருந்தது. அவற்றுக்கு மாற்றாக 2026 ஜனவரியில் வெளியாகி, ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்த புதிய விதிகள் அந்த விடையை மேலும் தெளிவாக்கியுள்ளன.

முன்பு மூன்றாகப் பிரித்தால் போதும் என்றிருந்தது. இப்போது ஈரக் கழிவு, உலர் கழிவு, சுகாதாரக் கழிவு, தனிக்கவனம் தேவைப்படும் கழிவு என நான்காகப் பிரித்துத் தர வேண்டும். விலைபோகாத பாக்கெட்டும் பழந்துணியும் உலர் கழிவில் அடங்கும். "இதைத்தான் யாரும் வாங்கமாட்டார்களே" என்று அவற்றை மீந்த குழம்போடு சேர்த்துக் கட்டிப் போடுவதுதான் நாம் செய்யும் பெரிய தவறு.

காரணம் இதுதான். ஒரு கிலோவுக்கு 1,500 கிலோ கலோரி அல்லது அதற்கு மேல் வெப்பம் தரக்கூடிய, மறுசுழற்சிக்கு ஆகாத கழிவை நிலத்தில் கொட்டக்கூடாது என்றும், அதை எரிசக்திக்கே பயன்படுத்த வேண்டும் என்றும் 2016 விதிகளே கூறின. அத்தகைய கழிவு சலிக்கப்பட்டு, நறுக்கப்பட்டு, ஆர்.டி.எஃப். எனப்படும், குப்பையிலிருந்து பெறும் எரிபொருளாகிச் சிமென்ட் ஆலைகளுக்குச் செல்கிறது. ஆலைச் சூளையின் வெப்பம் 1,400 டிகிரி செல்சியஸைத் தாண்டும்; மிஞ்சும் சாம்பலும், சிமென்டாக அரைக்கப்படும் கிளிங்கர் என்னும் கட்டியிலேயே கலந்துவிடுவதால் தனியே கொட்ட வேண்டியதில்லை. சென்னைப் பெருங்குடி குப்பைக் கிடங்கைத் தோண்டிப் பிரித்தபோது கிடைத்த பிளாஸ்டிக்கும் துணியும் இவ்வாறே ஆலைகளுக்கு அனுப்பப்பட்டன. திட எரிபொருள் பயன்படுத்தும் ஆலைகள் தம் தேவையில் 5 விழுக்காட்டை ஆர்.டி.எஃப். கொண்டு ஈடுசெய்யத் தொடங்கி, ஆறு ஆண்டுகளில் அதனை 15 விழுக்காடாக உயர்த்த வேண்டும் என்று புதிய விதிகள் கூறுகின்றன. ஆனால் குழம்பு ஊறிய பாக்கெட்டை எரித்தால், அதன் வெப்பத்தில் ஒரு பங்கு ஈரத்தை ஆவியாக்குவதிலேயே போய்விடும். ஆகவே ஆலை அதனை ஏற்காது. அது மீண்டும் குப்பைமேட்டுக்கே வந்து சேரும். சமையலறையில் ஒரு பாக்கெட்டைக் கவிழ்த்து உதறி உலரவிடும் அரை நிமிடத்தில்தான் அது போகும் இடம் தீர்மானமாகிறது.

டயப்பரும் சானிட்டரி நாப்கினும் சுகாதாரக் கழிவு. தயாரிப்பாளர் தரும் உறையிலோ காகிதத்திலோ நன்றாகச் சுற்றி, தனிப் பையில் இட்டுத் தர வேண்டும். தூய்மைப் பணியாளர் ஒருவர் தம் கையால் அதைத் தொட நேரும் என்பதை நினைத்தால் இதன் அவசியம் விளங்கும். கழிப்பறைக்குள் போட்டால் பாதாளச் சாக்கடை அடைத்துக்கொள்ளும்.

டியூப்லைட், பாதரச வெப்பமானி, பெயின்ட் டப்பா, காலாவதியான மருந்து ஆகியவை தனிக்கவனம் தேவைப்படுபவை. இவற்றை உள்ளாட்சி அமைப்பு ஒதுக்கியுள்ள சேகரிப்பு மையத்திலோ, அங்கீகாரம் பெற்ற முகமையிடமோ ஒப்படைக்க வேண்டும். எரியவும் மக்கவும் செய்யாத பீங்கான் துண்டு போன்றவை மட்டுமே, அடியில் கசிவுத் தடுப்பு அமைத்த நிலநிரப்பு இடத்துக்குப் போக வேண்டியவை.

கொல்லையிலோ தெருமுனையிலோ கொளுத்துவது எந்நிலையிலும் வழியன்று. சூளையின் வெப்பத்தைத் தெருவில் மூட்டிய தீ எட்டாது, பி.வி.சி. போன்றவை அதில் அரைகுறையாக எரியும்போது டையாக்சின் என்னும் நச்சுப்பொருள் உண்டாகிறது. திறந்தவெளியில் குப்பை எரிப்போருக்கு 5,000 ரூபாயும், பெருமளவில் எரிப்போருக்கு 25,000 ரூபாயும் இழப்பீடு விதிக்குமாறு தேசிய பசுமைத் தீர்ப்பாயம் 2016 டிசம்பரில் உத்தரவிட்டது.

அடுக்ககங்களுக்குப் பொறுப்பு இன்னும் கூடுதல். 20,000 சதுர மீட்டர் தளப்பரப்பு, நாளொன்றுக்கு 40,000 லிட்டர் நீர்ப் பயன்பாடு, நாளொன்றுக்கு 100 கிலோ கழிவு ஆகியவற்றுள் ஏதேனும் ஒன்றை எட்டினாலும் அது பெருமளவு கழிவு உருவாக்குபவர் பட்டியலில் வரும். ஈரக் கழிவை இயன்றவரை வளாகத்துக்குள்ளேயே உரமாக்க வேண்டும். சிறிய குடியிருப்பாக இருந்தாலும், குடியிருப்போர் சங்கம் உலர் கழிவுக்கென மழை படாத கூரையிட்ட இடம் ஒன்றை ஒதுக்குவது நல்லது. மழைக்காலத்தில் திறந்த தொட்டியில் கிடக்கும் உலர் கழிவு ஒரே இரவில் ஈரக் கழிவாகிவிடும்.

பிரித்துக் கொடுத்ததை வண்டியில் ஒன்றாகக் கொட்டுவதைக் கண்டு மனம் வெறுத்துப் பிரிப்பதையே நிறுத்திவிட்டவர்கள் பலர். அந்த வருத்தம் நியாயமானதே. எனினும் அது தூய்மைப் பணியாளரின் குற்றமன்று. பிரித்த கழிவைப் பிரித்தபடியே கொண்டுசெல்ல ஏற்பாடு செய்வது உள்ளாட்சியின் கடமை என்பதால், வண்டி எண்ணையும் நேரத்தையும் குறிப்பிட்டு வார்டு அலுவலகத்தின் சுகாதார ஆய்வாளரிடம் எழுத்துமூலம் புகார் அளிக்கலாம்.