வெட்டாத நிமிடங்களைக் குறைத்த மெஷின்

சாம்பல் வார்ப்பிரும்பில் செய்த ஒரு கியர்பாக்ஸ் கூட்டை எடுத்துக்கொள்வோம். கோவையைச் சுற்றியுள்ள வார்ப்பாலைகளிலிருந்து அன்றாடம் வெளிவரும் சரக்குதான் அது. அதன் நான்கு பக்கங்களிலும் வேலை இருக்கிறது. ஒரு முகத்தை மட்டமாகச் சீவ வேண்டும். இன்னொன்றில் துளையிட்டு மரை வெட்ட வேண்டும். எதிரெதிர் முகங்களில் பேரிங் உட்காரும் இரண்டு துளைகளை ஒரே நேர்கோட்டில் போரிங் செய்ய, அதாவது சரியான அளவுக்குக் குடைந்து அகலமாக்க வேண்டும்.

கோவையின் தொழிற்பகுதிகளான கணபதியிலும் ஆவாரம்பாளையத்திலும் குறிச்சி சிட்கோவிலும் இந்த வேலை பெரும்பாலும் வி.எம்.சி. (வெர்டிகல் மெஷினிங் சென்டர்) என்கிற செங்குத்து மெஷினில் நடக்கிறது. அதில் வெட்டும் கருவியான டூலைப் பிடித்துச் சுழற்றும் தண்டு, அதாவது ஸ்பிண்டில், மேலிருந்து கீழ்நோக்கி நிற்கும். ஆகவே மேல்நோக்கி இருக்கும் முகத்தில் மட்டுமே டூல் வேலை செய்ய முடியும். ஒரு முகம் முடிந்ததும் ஆபரேட்டர் கிளாம்பைக் கழற்றி, சீவல்களைத் துடைத்து, கூட்டைப் புரட்டி, டயல் கேஜ் என்ற நுண்ணளவுக் கருவியை வைத்து நேர் பார்த்து, மறுபடியும் இறுக்குகிறார். நான்கு முகத்துக்கு நான்கு செட்டிங். ஒவ்வொரு செட்டிங்கிலும் பத்து, பதினைந்து மைக்ரான் (ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) நகர்ந்தாலும் அந்தப் பிழைகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறுகின்றன. கடைசியில் இரண்டு பேரிங் துளைகளும் ஒரே கோட்டில் இல்லாமல் போகும். வண்டியில் பொருத்திய பிறகு கியர் சத்தமிடும், பேரிங் சூடாகும். இது தரத்தில் வரும் நட்டம். இதைவிடப் பெரிய நட்டம் ஒன்று உண்டு. ஆபரேட்டர் நேர் பார்த்துக்கொண்டிருக்கும் அத்தனை நிமிடங்களும் லட்சக்கணக்கில் பணம் போட்டு வாங்கிய ஸ்பிண்டில் சும்மா நிற்கிறது.

எச்.எம்.சி. (ஹாரிசான்டல் மெஷினிங் சென்டர்) எனப்படும் கிடைமட்ட மெஷினின் அறுபதாண்டு வளர்ச்சியைப் பலரும் வேகத்தின் வரலாறாகச் சொல்கிறார்கள். எனக்கு அது வெட்டாத நேரத்தை ஒவ்வொரு துண்டாக ஒழித்த வரலாறாகத் தெரிகிறது.

கிடைமட்ட மெஷினில் ஸ்பிண்டில் படுத்திருக்கும். வேலைப்பொருள் அதன் எதிரே நிற்கும். பொருளைத் தாங்கும் மேசை தன் அச்சில் சுழலும். ஒரு முறை இறுக்கிவிட்டால், மேசையைத் திருப்பித் திருப்பி நான்கு பக்கத்தையும் முடித்துவிடலாம். பேரிங் துளைகளில் ஒன்றை வெட்டி, மேசையை 180 டிகிரி திருப்பி, மறுபக்கத்திலிருந்து மற்றதை வெட்டலாம். இதற்கு மேசை மிகத் துல்லியமாகத் திரும்ப வேண்டும். ஒரு டிகிரியில் 3,600இல் ஒரு பங்கு பிசகினால்கூட, மையத்திலிருந்து 250 மில்லிமீட்டர் தள்ளியுள்ள புள்ளி சுமார் 1.2 மைக்ரான் விலகும். மேசையின் சுழல் மையம் எங்கே இருக்கிறது என்று மெஷினை இயக்கும் கணினியான கன்ட்ரோலில் பதிந்துள்ள எண் 5 மைக்ரான் தவறாக இருந்தால், பாதிச் சுற்று திரும்பியதும் அந்தத் தவறு 10 மைக்ரானாக இரட்டிக்கும். ஆகவே எச்.எம்.சி. வாங்குபவர்கள் முதலில் மேசையின் துல்லியத்தைத்தான் கேட்க வேண்டும், ஸ்பிண்டிலின் ஆர்.பி.எம். அதற்குப் பிறகுதான்.

ஸ்பிண்டில் படுத்திருப்பதால் கிடைக்கும் இன்னொரு நன்மைக்குக் காரணம் புவியீர்ப்பு. கொங்கு நாட்டில் கிணறு வெட்டியவர்களுக்குத் தெரியும்: தோண்டுவதைவிடத் தோண்டிய மண்ணை மேலே ஏற்றுவதே பெரும்பாடு. செங்குத்து மெஷினில் ஆழமான குழியை வெட்டும்போதும் இதே சிக்கல்தான். சீவல்கள் குழிக்குள்ளேயே தங்கி, டூலின் விளிம்பு அவற்றையே மறுபடி மறுபடி வெட்டும். விளிம்பு உடையும், பரப்பில் கீறல் விழும், சூடு பொருளுக்குள் இறங்கும். கிடைமட்ட மெஷினில் சீவல்கள் தாமாகக் கீழே விழுந்து கன்வேயரில் போய்விடுகின்றன. சூட்டில் பெரும்பங்கு சீவல்களோடுதான் போகும் என்பதால், அவை சீக்கிரம் அகன்றால் மெஷினும் குளிர்ந்திருக்கும்.

இந்த வடிவம் பிறந்த கதையை இரண்டு நாடுகள் பகிர்ந்துகொள்கின்றன. ஹெலிகாப்டர் இறக்கைகளுக்கான வளைவுகளைத் துல்லியமாக வெட்டும் வழியைத் தேடிய ஜான் பார்சன்ஸ் என்ற அமெரிக்கர், எண்களைக் கொண்டே மெஷினை நகர்த்தலாம் என்ற எண்ணத்தை முன்வைத்தார். 1952இல் அமெரிக்காவின் எம்.ஐ.டி. தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தின் ஆய்வகம், துளையிட்ட நாடாவைப் படித்து இயங்கும் மில்லிங் மெஷினைச் செய்துகாட்டியது. ஆனால் அதிலும் டூலை மனிதர்தான் மாற்ற வேண்டியிருந்தது. 1950களின் இறுதியில், அமெரிக்காவின் மில்வாக்கி நகரத்துக் கியர்னி அண்ட் டிரெக்கர் நிறுவனம் அந்த வேலையையும் மெஷினிடமே ஒப்படைத்தது. அவர்களுடைய 'மில்வாக்கி-மேட்டிக்' கிடைமட்ட மெஷின், வேண்டிய டூலைத் தானே எடுத்து ஸ்பிண்டிலில் பொருத்திக்கொண்டது. முகம் சீவும் மில்லிங், துளையிடும் டிரில்லிங், போரிங், மரை வெட்டும் டேப்பிங் எல்லாம் ஒரே மெஷினில் முடிந்ததால்தான் 'சென்டர்' என்ற பெயரே நிலைத்தது.

அடுத்த பாய்ச்சல் லண்டனில் நடந்தது. சிகரெட் மெஷின்கள் செய்துவந்த மோலின்ஸ் நிறுவனத்தில் 1960களில் டேவிட் வில்லியம்சன் 'சிஸ்டம் 24' என்ற திட்டத்தை வகுத்தார். இசைப் பிரியர்கள் இவரை வேறு விதமாக அறிவார்கள்: 1947இல் வெளியான புகழ்பெற்ற வில்லியம்சன் ஆம்ப்ளிஃபையர் இவருடையதுதான். பகலில் ஆட்கள் பொருள்களைப் பேலட் எனப்படும் கழற்றி மாற்றக்கூடிய மேசைப் பலகைகளில் இறுக்கி அடுக்கிவைத்துவிட்டுப் போக, இரவில் மெஷின்கள் ஆளின்றி அவற்றை ஒவ்வொன்றாக எடுத்து முடிக்க வேண்டும் என்பது அவருடைய கனவு. 24 மணி நேரமும் ஓட வேண்டும் என்பதால்தான் அந்தப் பெயர். அக்காலக் கட்டுப்பாட்டுக் கருவிகளுக்கு அது மிகப் பெரிய சுமை, திட்டம் நிலைக்கவில்லை. ஆனால் பேலட் என்ற எண்ணம் நிலைத்தது. இன்று சாதாரண எச்.எம்.சி.யிலும் இரண்டு பேலட்டுகள் இருக்கின்றன. உள்ளே ஒன்றில் வெட்டு நடக்கும்போது, வெளியே மற்றொன்றில் ஆபரேட்டர் அடுத்த பொருளை இறுக்குகிறார். செட்டிங் நேரம் மறையவில்லை. வெட்டும் நேரத்துக்குள் ஒளிந்துகொண்டது.

பேலட்டின் மேல் ஒரு சதுரத் தூணை நிறுத்தி, ஒவ்வொரு பக்கத்திலும் இரண்டு பொருள்களை மாட்டினால் எட்டுப் பொருள்கள் ஆகின்றன. ஒரு பொருளுக்கு 20 டூல்கள், ஒரு மாற்றத்துக்கு 5 விநாடி என்று வையுங்கள். தனியாக ஒரு பொருளைச் செய்தால் டூல் மாற்றத்துக்கே 100 விநாடி போகும். தூணில் ஒரே டூல் எட்டையும் முடித்துவிட்டு மாறுவதால், பொருள் ஒன்றுக்கு 12.5 விநாடிதான். இங்கே டூல் மாற்றும் கை கொஞ்சமும் வேகமாகவில்லை என்பதைக் கவனியுங்கள்.

வேகமும் வளர்ந்தது, ஆனால் அதைச் சரியான இடத்தில் அளக்க வேண்டும். நிமிடத்துக்கு 60 மீட்டர் நகரும் என்று விளம்பரத்தில் போடுவார்கள். ஒரு துளையிலிருந்து அடுத்த துளைக்கு 100 மில்லிமீட்டர் தூரம் என்றால், அந்த உச்ச வேகத்தை எட்டுவதற்கு இடம் போதுமா? மெஷினின் முடுக்கம் புவியீர்ப்பு முடுக்கத்துக்குச் சமமாக இருந்தால், பாதி வழியில் உச்சத்தைத் தொட்டு மீதிப் பாதியில் நின்றுவிடும், மொத்தம் 0.2 விநாடி. முடுக்கம் அதில் ஐந்தில் ஒரு பங்கானால், உச்ச வேகத்தை எட்டாமலே 0.45 விநாடி ஆகும். நூற்றுக்கணக்கான துளைகள் உள்ள பொருளில் இந்த வேறுபாடு நிமிடங்களாகப் பெருகும். இந்த முடுக்கத்துக்காகத்தான் நகரும் பாகங்களின் எடையைக் குறைத்தார்கள். உராய்ந்து நகரும் பழைய அகலத் தண்டவாளங்களுக்குப் பதிலாக உருளைகள் மேல் ஓடும் கைடுகள் வந்தன. கனமான வெட்டில் அதிர்வை விழுங்கும் திறன் பழைய தண்டவாளங்களுக்கே அதிகம் என்பதால், அவை இன்னும் முற்றாக மறையவில்லை.

ஸ்பிண்டில் வேகம் ஏறியபோது டூலைப் பிடிக்கும் வாயே சிக்கலானது. மிக வேகமாகச் சுழலும்போது மையவிலக்கு விசையால் ஸ்பிண்டிலின் வாய் சிறிது விரியும். டூல் பிடியின் கூம்பு மட்டுமே தாங்கும் பழைய அமைப்பில் டூல் உள்ளே இழுபட்டு, ஆழம் மாறிவிடும். 1990களில் ஜெர்மனியில் தரப்படுத்தப்பட்ட எச்.எஸ்.கே. பிடிப்பில் கூம்பும் முகமும் சேர்ந்து பதிவதால் டூல் உள்ளே போக வழியில்லை.

நம் ஊர்ப் பட்டறைகளுக்கு மிக நெருக்கமான எதிரி வெப்பம். மார்ச், ஏப்ரலில் கோவையில் விடியற்காலைக்கும் பிற்பகலுக்கும் 10 டிகிரிக்கு மேல் வேறுபாடு வரும்; தகரக் கூரையின் கீழ் அது இன்னும் கூடும். ஒரு மீட்டர் எஃகு, ஒரு டிகிரிக்குச் சுமார் 12 மைக்ரான் நீளும். மேசையை நகர்த்தும் திருகான பால் ஸ்குரூ அரை மீட்டர் இருந்து, 10 டிகிரி சூடானால் 60 மைக்ரான். பேரிங் துளையில் பொறுத்துக்கொள்ளக்கூடிய மொத்தப் பிழையே அதில் பாதிகூட இருக்காது. காலையில் தேறிய பொருள் மதியம் ஏன் தேறவில்லை என்று ஆபரேட்டரைக் குறை சொல்வது எனக்கு எப்போதுமே வேதனை தருகிறது. குற்றம் பெரும்பாலும் வெப்பத்தினுடையது. இன்றைய நல்ல மெஷின்களில் ஸ்குரூ உட்குழிவாக இருக்கும். அதற்குள்ளும் ஸ்பிண்டிலைச் சுற்றியும் குளிரூட்டிய எண்ணெய் ஓடும். மேசையின் இடத்தை ஸ்குரூவை நம்பி ஊகிக்காமல், கண்ணாடி அளவுகோல் நேரடியாகப் படிக்கும்.

கொங்கு நாட்டுக்கு இந்த மெஷின் ஏன் பொருந்துகிறது? 1937இல் ஜி.டி. நாயுடுவும் டி. பாலசுந்தரம் நாயுடுவும் இங்கே மின்மோட்டாரை உருவாக்கிய காலத்திலிருந்து, பம்ப், வால்வு, நெசவு மெஷின் பாகங்கள் என்று பல வகையாகவே இந்த ஊர் வேலை செய்கிறது. ஒரே பொருளை லட்சக்கணக்கில் செய்யும் தொழிற்சாலை, அதற்கென்றே தனி மெஷின் வரிசை கட்டலாம். இங்கே ஜாப் ஆர்டர் 50 என்றும் 200 என்றும் வரும். பேலட்டுகள் பலவற்றை வரிசையில் நிறுத்தி, ஒவ்வொன்றிலும் வேறு பொருளைப் பிடிக்கும் தாங்கியான பிக்ஸ்சரை மாட்டிவைத்தால், 50 வால்வுக்கான ஆர்டரும் 200 பம்ப் கூட்டுக்கான ஆர்டரும் ஒரே இரவில் கலந்து ஓடும். வி.எம்.சி.யைப்போல இரண்டு மூன்று மடங்கு விலை கொடுப்பதற்கு நியாயம் இதில்தான் இருக்கிறது.

ஆனால் ஆளில்லா இரவுக்கு வார்ப்பாலையும் ஒத்துழைக்க வேண்டும். சீவுவதற்கென்று விடும் மிகை உலோகம் ஒரு பக்கம் 1 மில்லிமீட்டரும் மறுபக்கம் 6 மில்லிமீட்டருமாக இருந்தால், மிகக் கடினமான வெள்ளை இரும்பாக இறுகிய புள்ளியோ மணலோ பரப்பில் தங்கியிருந்தால், எவ்வளவு நல்ல டூலும் நள்ளிரவில் உடையும். இதற்கு மெஷின் தரப்பில் சில காவல்கள் உண்டு. 1970களின் தொடக்கத்தில், கான்கார்டு விமான எஞ்சின் பாகங்களை அளப்பதற்காக டேவிட் மெக்மர்ட்ரி கண்டுபிடித்த தொடு புரோப் என்ற தொட்டு அளக்கும் முனை, இன்று ஸ்பிண்டிலிலேயே ஏறி ஒவ்வொரு வார்ப்பையும் தொட்டுப் பார்க்கிறது. மிகை உலோகம் இரு பக்கமும் சமமாக வரும்படி தொடக்கப் புள்ளியை நகர்த்திக்கொள்கிறது. ஸ்பிண்டிலின் சுமை வழக்கத்தை மீறினால் கன்ட்ரோல் வெட்டை நிறுத்தி, அந்தப் பேலட்டை ஒதுக்கிவிட்டு அடுத்ததை எடுக்கிறது. தேய்ந்த டூலுக்குப் பதில் அதன் இணை டூலை அழைக்கிறது. ஆனால் 1 மில்லிமீட்டர்கூட மிகை இல்லாத இடத்தில் புரோப்பால் உலோகத்தைச் சேர்க்க முடியாது. அந்தக் கூடு ஒதுக்கிய பேலட்டிலேயே நின்று, காலை ஷிப்டில் வார்ப்பாலைக்குத் திரும்பிப் போகும்.