பீவரைப் பிடிப்பது சுலபம், அப்புறம்?

“அண்ணா, பெரிய எலி மாதிரி ஒன்று வந்து மரத்தையெல்லாம் சாய்க்கிறது. எப்படியாவது பிடித்துக்கொண்டு போய்விடுங்கள்.” வாஷிங்டன் மாநிலத்தில் ஓடையோரமாக வீடு வாங்கிய நம்மூர்த் தம்பி ஒருவர் போன வருடம் கூப்பிட்டார். போய்ப் பார்த்தால் பீவர், மரத்தை வெட்டி ஓடையில் அணை கட்டி வாழும் பிராணி. வீட்டுக்குக் கீழே ஓடையில் அணை, புல்வெளியில் கணுக்கால் தண்ணீர்.

எலி என்றதில் தப்பில்லை, கொறிக்கும் இனம்தான். ஆனால் வளர்ந்தது 20 கிலோவைத் தாண்டும்.

பீவரை உயிரோடு பிடித்து வேறிடத்தில் விடுவது என் வேலை. அதற்கு நாங்கள் வைப்பது ஹான்காக் பொறி. திறந்த சூட்கேஸ் மாதிரி இரண்டு கம்பிவலைச் சட்டங்கள். பாதி தண்ணீரில் மூழ்கும்படி கரையோரம் வைத்து, பீவரின் வாசனைச் சுரப்பியிலிருந்து எடுத்த காஸ்டோரியத்தைத் தடவுவோம். விடிந்ததும் ஓடிப்போய்ப் பார்த்தாக வேண்டும். நீர்மட்டம் ஏறினாலோ வெயில் ஏறினாலோ உள்ளே இருப்பது பிழைக்காது.

இந்த வேலைக்கு வந்த முதல் வருடம் ஒரே இரவில் இரண்டு சிக்கின. ஆணா பெண்ணா என்று வெளியே பார்த்துச் சொல்ல முடியாது. வாலடிச் சுரப்பியை அமுக்கி முகர வேண்டும்: ஆண் என்றால் மோட்டார் ஆயில் வாடை, பெண் என்றால் பழைய சீஸ் வாடை. அன்றைக்குச் சாப்பாடு இறங்காது. சரி, ஜோடி கிடைத்துவிட்டது என்று பொறிகளைச் சுருட்டினேன். மூன்றாம் நாள் அதே அணையில் ஈரச்சேறு. அதற்கு முந்தின வருடக் குட்டிகள் அங்கேயே இருந்திருக்கின்றன. பீவர் குடும்பமாக வாழ்வது. பிடித்தால் எல்லாவற்றையும் பிடித்து ஒன்றாக விட வேண்டும்.

1948-ல் அமெரிக்காவின் இடாஹோ மாநிலத்தில் 76 பீவர்களைப் பெட்டியில் வைத்துப் பாராசூட்டில் இறக்கினார்கள். செத்தது ஒன்றே ஒன்று. இறக்குவது அவ்வளவு சுலபம். தங்க வைப்பதுதான் கஷ்டம். விட்ட இடம் பிடிக்காவிட்டால் கிளம்பிவிடும். வளை இல்லாமல் அலையும்போது மலைச்சிங்கத்துக்கு (பூமா) இரை. இங்கே காலியான ஓடைக்கோ அடுத்த வசந்தத்தில் வேறொரு ஜோடி வந்து சேரும்.

அணையைக் கலைப்பதும் வீண்வேலை. ஒரே இரவில் கட்டிவிடும். அனுமதியில்லாமல் கலைத்தால் நீங்கள்தான் மாட்டுவீர்கள். தண்ணீர் ஓடும் சத்தம் கேட்டால் அதற்குக் கை சும்மா இருக்காது. ஸ்பீக்கரில் அந்தச் சத்தத்தைப் போட்டுப் பார்த்திருக்கிறார்கள், ஸ்பீக்கர் மேலேயே குச்சியைக் குவித்திருக்கிறது! அதனால் சத்தமில்லாமல் வடியவிட வேண்டும். அணையின் ஊடே ஒரு பெரிய குழாய், அதன் உள்முனை ஆழத்தில் கம்பிக்கூண்டுக்குள். மரங்களுக்கு நாலடி உயரம் கனமான கம்பிவலை, பட்டையில் ஒட்டாமல். கோழிவலை தாங்காது.

தம்பி வீட்டில் நான் பொறியே வைக்கவில்லை. அனுமதி வாங்கி, ஒரு சனிக்கிழமை இடுப்பளவு தண்ணீரில் நின்று குழாயைப் போட்டோம். ஒரு வாரத்தில் புல்வெளி காய்ந்தது. வலை சுற்ற மறந்த ஆப்பிள் கன்றை மட்டும் அன்றிரவே வெட்டி இழுத்துக்கொண்டு போய்விட்டது.