"களி கிண்டலாங்களா, சார்?"

பாலக்கோடு பக்கத்திலிருந்து வந்த அந்த அம்மாவுக்கு எழுபது வயதிருக்கும். மாட்டுக் கொட்டகையில் வழுக்கி விழுந்ததில், வலது முழங்கைக்கு மேல் எலும்பு மூட்டோடு சேர்ந்து நொறுங்கியிருந்தது. எலும்பு தேய்ந்து மெலிந்துவிட்டதால் தகடு வைத்தாலும் திருகு பிடிக்காது, மூட்டையே மாற்றிவிடலாம் என்று எக்ஸ்ரேயைக் காட்டிச் சொன்னேன். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு அவர் கேட்டது ஒன்றுதான்: "களி கிண்டலாங்களா, சார்?"

முழங்கால் மாற்றியவர் இன்று தெருவுக்கு ஒருவர் இருக்கிறார். முழங்கையையும் மாற்றலாம் என்பது பலருக்குப் புதுச் செய்தி. 1970களின் தொடக்கத்தில் வந்த செயற்கை மூட்டுகள் கதவுக் கீல் போல ஒரே போக்கில்தான் அசைந்தன. நம் கையோ மடங்கும்போது பக்கவாட்டிலும் லேசாக ஆடும். அந்த விசையெல்லாம், மூட்டைப் பிடித்து நிறுத்த எலும்புக்குள் வைத்த சிமென்டில் இறங்க, மூட்டு சீக்கிரமே ஆட்டம் கண்டது. பிறகு கீலிலேயே சில டிகிரி தளர்வு வைத்தார்கள். இறுகப் பூட்டியது கழன்றது, கொஞ்சம் விட்டுக்கொடுத்தது நின்றது.

இன்னும் சிக்கல்கள் உண்டு. முழங்கையின் பின்பக்கம் சதையே இல்லை, வெறும் தோல்தான். அதனால் சீழ் பிடிக்கும் அபாயம் இடுப்பு, முழங்கால் மூட்டுகளைவிட அதிகம். இடித்துக்கொண்டால் சுண்டுவிரல் வரை சுரீர் என்று பாயுமே, அந்த நரம்பும் அங்கேதான் ஓடுகிறது. அதைப் பிரித்து ஒதுக்கிவைத்துத்தான் வேலை செய்ய வேண்டும். கையை நீட்டும் பின்தசையை முன்பெல்லாம் எலும்பிலிருந்து விடுவித்துவிட்டு, முடிந்ததும் தைப்போம். இப்போது பலருக்கு அதைத் தொடாமலே, இரு பக்கமும் வழி எடுத்து மூட்டைப் பொருத்த முடிகிறது.

ஆனால் எடைக் கட்டுப்பாடு மட்டும் மாறவில்லை. அந்தக் கையால் ஒரு தடவைக்கு 5 கிலோவுக்கு மேல் தூக்கக் கூடாது. திரும்பத் திரும்பத் தூக்குவதென்றால் 1 கிலோதான். அதுவும் ஆயுளுக்கும். தண்ணீர் நிறைந்த குடம் ஒன்றே 10 கிலோவைத் தாண்டும். மாங்காய்க் கூடை தூக்கிப் பிழைக்கும் முப்பது வயதுக்காரருக்கு இந்த அறுவைச் சிகிச்சையை நான் சொல்லத் தயங்குவது இதனால்தான்.

இடையில் ஒன்று. அடிபட்ட முழங்கையை எண்ணெய் போட்டு அழுத்தி உருவாதீர்கள். கட்டுப் போடுபவர்களைக் குறை சொல்ல வரவில்லை. ஆனால் இந்த மூட்டு உருவலைப் பொறுக்காது. தசைக்குள்ளேயே எலும்பு வளர்ந்து கை மரக்கட்டையாகிவிடும். அப்படி மடங்காத கையோடு வருபவர்களை மாதாமாதம் பார்க்கிறேன்.

அந்த அம்மாவிடம் உள்ளதைச் சொன்னேன்: "களி கிண்ட முடியாதும்மா. உங்க கையாலேயே எடுத்துச் சாப்பிடலாம்." நேராக நீட்டிய கையை 0 என்று வைத்தால், அன்றாட வேலைக்கு முழங்கை 30 டிகிரியிலிருந்து 130 டிகிரி வரை மடங்கினால் போதும். கொஞ்சம் யோசித்துவிட்டு, மருமகளைத் திரும்பிப் பார்த்துத் தலையாட்டினார்.

மூன்று மாதம் கழித்து வந்தபோது கை வாய்க்கு எட்டியது, வலியும் இல்லை. வேறு ஏதாவது தொந்தரவு உண்டா என்றேன்.

"இவ கிண்டற களி கட்டி கட்டியா நிக்குதுங்க, சார்."