சங்கு கேட்கும், பேச்சுதான் புரியாது

எங்கள் காதுப் பரிசோதனை அறையில், காலையில் முதல் ஆள் உள்ளே வருவதற்கு முன்னால், கேட்கும் அளவைச் சோதிக்கும் ஆடியோமீட்டரை நாங்களே ஒருமுறை காதில் மாட்டிக் கேட்டுப் பார்ப்போம். மெஷின் ஒழுங்காகச் சத்தம் தருகிறதா, வயரில் கரகரப்பு ஏதாவது இருக்கிறதா என்று பார்க்கிற ஐந்து நிமிஷ வேலை. நம் காது எந்தச் சத்தத்தை எந்த அளவில் கேட்கும் என்பது நமக்குத் தெரியும், அதனால் நம் காதுதான் அங்கே அளவுகோல். பதினெட்டு வருஷமாக நான் அப்படித்தான் செய்துவந்தேன். ஒருநாள் இடது பக்கம் 6000 ஹெர்ட்ஸ் என்கிற உயர்ந்த சுருதியில் ஒன்றுமே வரவில்லை. ஹெட்போன் போய்விட்டது என்று நினைத்தேன். எங்கள் ஹெட்போனில் சிவப்பு வலது காதுக்கு, நீலம் இடது காதுக்கு. இரண்டையும் மாற்றி மாட்டிப் பார்த்தேன். இப்போது நீலம் அருமையாகக் கேட்டது, சிவப்பில் சத்தமில்லை. அதாவது பழுது ஹெட்போனோடு இடம் மாறவில்லை, என் இடது காதிலேயே நின்றுவிட்டது.

நோட்டில் "ஹெட்போன் பார்க்க வேண்டும்" என்று எழுதிவைத்தேன். பொய் என்று எழுதும்போதே தெரியும். அதற்கப்புறம் பதினாலு மாசம் நான் ஒன்றுமே செய்யவில்லை. என்னிடம் வேறு யாராவது இப்படி வந்திருந்தால், ஒரு காது மட்டும் அதிகமாகக் குறைந்திருக்கிறதே, கேட்கும் நரம்பில் கட்டி ஏதாவது இருக்கிறதா என்று ஸ்கேன் எடுத்துப் பார்த்துவிடுங்கள் என்று அன்றைக்கே காது மூக்கு தொண்டை மருத்துவருக்குச் சீட்டு எழுதியிருப்பேன். எனக்கு எழுதிக்கொள்ளவில்லை. கடைசியில் எடுத்தபோது ஸ்கேனில் ஒன்றுமில்லை, வெறும் உள்காதுச் செல் தேய்மானம்தான், அது அதிர்ஷ்டம். தாமதத்துக்கு அது நியாயமாகாது.

காது குறைகிறது என்று தெரிந்த பிறகும் காதுக் கருவி போட ஏழிலிருந்து பத்து வருஷம் ஆகும் என்று எங்கள் துறையில் பொதுவாகச் சொல்வோம். அந்தப் பத்து வருஷத்தை நான் சோம்பல், வறட்டுக் கௌரவம் என்றெல்லாம் மனசுக்குள் திட்டியிருக்கிறேன். இப்போது திட்டுவதில்லை.

அந்தப் பத்து வருஷத்தில் என்ன நடக்கிறது என்றால், ஆள் தலையாட்டக் கற்றுக்கொள்கிறார். எதிரே இருப்பவர் சிரித்தால் நாமும் சிரிப்பது, குரல் ஏறினால் "அப்படியா!" என்பது, குரல் இறங்கினால் "ச்சே, பாவம்" என்பது. ஓய்வுபெற்ற தமிழாசிரியர் ஒருவர் மகளோடு வந்தார். "அப்பாவுக்கு வேண்டியது மட்டும் கேட்கும் மேடம்" என்று மகள் சொன்னபோது அவரும் சிரித்துத் தலையாட்டினார். "பேத்தி என்ன படிக்கிறாங்க சார்?" என்று கேட்டேன். "ஆமா, ரொம்ப நல்லா இருக்கு" என்றார். மகளுக்கு முகம் மாறிவிட்டது. பல வருஷமாகத் தன்னோடு பேசிக்கொண்டிருந்தது அப்பா இல்லை, அப்பாவின் தலையாட்டல்தான் என்று அவருக்கு அந்த நிமிஷம்தான் உறைத்தது.

"வேண்டியது மட்டும் கேட்கும்" என்ற இந்தக் குற்றச்சாட்டைக் கேட்காத வாரமே எனக்கு இல்லை. அது ஏன் அப்படித் தோன்றுகிறது என்று ஒருமுறை புரிந்துகொண்டால் வீட்டில் பாதிச் சண்டை குறையும். உள்காதில் நத்தைக் கூடு போல் சுருண்ட காக்லியா இருக்கிறது. அதற்குள் பிறக்கும்போதே சுமார் 15,000 மயிரிழைச் செல்கள். மனிதனுக்கு அவை போனால் போனதுதான், மறுபடி முளைக்காது. (கோழிக்குஞ்சுக்கு முளைக்கும். 1980களின் கடைசியில் இதைக் கண்டுபிடித்தார்கள், அன்றிலிருந்து ஆராய்ச்சியாளர்கள் கோழியைப் பொறாமையோடுதான் பார்க்கிறார்கள்.) வயதாலோ இரைச்சலாலோ இந்தச் செல்கள் சாகும்போது பெரும்பாலும் வாசல் பக்கம் இருப்பவைதான் முதலில் போகின்றன. அவைதான் உயர்ந்த சுருதியைப் பிடிப்பவை. பேச்சில் அ, ஆ, ஓ போன்ற உயிரொலிகள் தாழ்ந்த சுருதியில் பலமாக வரும். ச, க, த, ட போன்ற ஒலிகளை அடையாளம் காட்டும் மெல்லிய உரசலும் வெடிப்பும் மேலே இருக்கின்றன. ஆக, காது குறைந்தவருக்கு, நீங்கள் பேசுகிறீர்கள் என்பது நன்றாகத் தெரியும், ஆணா பெண்ணா, கோபமா சாந்தமா என்பதுகூடத் தெரியும், ஆனால் சொன்னது "கதை"யா "சதை"யா என்பது தெரியாது. மெய் உதிர்ந்து உயிர் மட்டும் மிஞ்சிய பேச்சு.

செவிடன் காதில் ஊதிய சங்கு என்று ஒரு பழமொழி வைத்திருக்கிறோமே, அதை உண்டாக்கியவர் காது குறைந்த யாரோடும் உட்கார்ந்து பேசியிருக்கமாட்டார். சங்கு தாழ்ந்த சுருதி, பெரிய சத்தம். என்னிடம் வருகிறவர்களில் முக்கால்வாசிப் பேருக்கு அது கணீரென்று கேட்கும். சொல்லப்போனால் சாதாரணக் காதைவிட அதிகமாகவே உறுத்தும், ஏனென்றால் இந்தக் குறையில் மெல்லிய சத்தம் காணாமல் போகும், பெரிய சத்தம் மட்டும் பழைய பலத்தோடேயே இருக்கும். அதனால்தான் "சத்தமா சொல்லு" என்று கேட்ட அதே ஆள், நீங்கள் கத்தியதும் "எதுக்குக் கத்துற?" என்று எரிந்து விழுகிறார். இரண்டுமே உண்மை. பழமொழி பிடிவாதக்காரனைத்தான் சொல்கிறது, தெரியும், ஆனால் காது கேட்காதவரையும் பிடிவாதக்காரரையும் ஒரே ஆளாக நினைத்துக்கொள்ள அதுவும் ஒரு காரணம்.

அப்புறம், வேண்டியது மட்டும் எப்படிக் கேட்கிறது? எதிர்பார்த்த பேச்சு, பழகிய குரல், முகம் பார்த்துப் பேசியது, சத்தமில்லாத அறை, உடம்பு களைப்பில்லாத நேரம் எல்லாம் சேர்ந்தால் விட்டுப்போன ஒலிகளை மூளை ஊகித்து நிரப்பிவிடும். முதுகைக் காட்டிக்கொண்டு, குழாய் ஓடும்போது, பேச்சை நடுவில் மாற்றிச் சொன்னால் நிரப்ப முடியாது. உதட்டைப் பார்த்துப் பிடித்துக்கொள்ளலாமே என்பார்கள். உதட்டில் "பாலை"யும் "மாலை"யும் ஒன்றுதான், கண்ணாடி முன்னால் சத்தமில்லாமல் சொல்லிப் பாருங்கள். நாள் முழுக்க இப்படி ஓட்டை விழுந்த பேச்சை ஒட்டுப்போட்டுக்கொண்டே இருப்பது பெரிய உழைப்பு. சாயந்திரம் ஆறு மணிக்கு எனக்குத் தலை பாரமாகி, யாரோடும் பேசப் பிடிக்காமல் போய்க்கொண்டிருந்தது. வயசாகிறது, வேலை அதிகம் என்று காரணம் சொல்லிக்கொண்டேன். கேட்பதற்கு இவ்வளவு செலவாகிறது என்று தோன்றவே இல்லை. இத்தனைக்கும் இதைப் பற்றி மேடையேறிப் பேசியிருக்கிறேன்!

பீத்தோவன் கதை எல்லோருக்கும் தெரியும், காது போன பிறகும் இசையமைத்தார் என்று ஊக்கப் பேச்சாளர்கள் சொல்லிச் சொல்லித் தேய்த்துவிட்டார்கள். எனக்கு அதில் பிடித்தது அவருடைய 1802ஆம் வருஷத்துக் கடிதம்தான். அப்போது அவருக்கு 31 வயது. இன்னும் உரக்கப் பேசுங்கள், எனக்குக் காது கேட்காது என்று ஜனங்களிடம் சொல்ல வாய் வரவில்லை, அதனால்தான் ஒதுங்கிப் போகிறேன் என்கிற பொருளில் தம்பிகளுக்கு எழுதுகிறார். எழுதினாரே தவிர அனுப்பவில்லை. 1827இல் அவர் இறந்த பிறகுதான் அது காகிதங்களுக்கு நடுவில் கிடைத்தது. அந்த அனுப்பாத கடிதம் எனக்கு நன்றாகப் புரிகிறது, என் நோட்டில் இருந்த ஹெட்போன் பொய்யும் கிட்டத்தட்ட அதே ஜாதிதான்.

நான் வெளியே சொன்னது ஒரு விபத்தில். அதே தமிழாசிரியர், கருவி போட்டு எட்டு மாசம் கழித்துச் சுத்தம் செய்ய வந்திருந்தார். என் இடது பக்கமாக உட்கார்ந்து ஏதோ சொன்னார், நான் சிரித்துத் தலையாட்டினேன். அவர் பேச்சை நிறுத்திவிட்டு என்னையே பார்த்தார். "மேடம், நான் கேள்வி கேட்டேன்" என்றார். கொஞ்ச நேரம் கழித்து, "உங்களுக்குமா?" தலையாட்டிகளுக்குத் தலையாட்டியைத் தெரியும். ஆமாம் என்று சொன்னேன். உலகத்தில் முதன்முதலாக அவரிடம்தான் சொன்னேன், வீட்டில்கூட அதற்கப்புறம்தான்.

அவர் ஆறுதல் எதுவும் சொல்லவில்லை. வாத்தியார் ஆயிற்றே, பாடம் நடத்த ஆரம்பித்துவிட்டார். "ஆ? என்ன? என்று கேட்காதீங்க. அப்படிக் கேட்டா எதிராளி முழுசையும் திரும்பச் சொல்லணும், ரெண்டு தடவை சொல்வான், மூணாவது தடவை ஒண்ணுமில்ல விடுங்கன்னுடுவான். கேட்டவரைக்கும் நீங்க சொல்லுங்க. செவ்வாய்க்கிழமைங்கிற வரைக்கும் கேட்டது, எத்தனை மணின்னு சொன்னீங்க? இப்படி." வகுப்பில் பையன்களிடம் புரியவில்லை என்று மொட்டையாகச் சொல்லாதே, எந்த வரி வரைக்கும் புரிந்தது என்று சொல் என்பாராம். பதினெட்டு வருஷமாக நான் அச்சடித்துக் கொடுத்துவந்த ஆலோசனைத் தாளில் "மீண்டும் சொல்லும்படி தயங்காமல் கேளுங்கள்" என்றுதான் இருந்தது. அந்த வரியை அன்றைக்கே மாற்றினேன்.

இன்னொன்றும் அவரிடம் கவனித்தேன். எனக்குக் காது கேட்காது என்று அவர் யாரிடமும் சொல்வதில்லை. அப்படிச் சொன்னால் கேட்டவர் பதறிப்போய்க் கத்துவார், அல்லது மகளைப் பார்த்துப் பேச ஆரம்பித்துவிடுவார். "இந்தப் பக்கம் வந்து என் முகத்தைப் பார்த்துச் சொல்லுங்க, பிடிச்சுக்குவேன்" என்கிறார். எதிராளிக்குச் செய்வதற்கு ஒரு வேலை கிடைத்துவிடுகிறது, பரிதாபப்பட நேரமில்லை. நானும் அப்படித்தான் சொல்கிறேன் இப்போது, ஆனால் வாய் பழகவே மூன்று நான்கு மாசம் ஆயிற்று. முதல் தடவை ஒரு கூட்டத்தில் எழுந்து நாற்காலியை மாற்றிப் போட்டுக்கொண்டபோது கை நடுங்கியது, சிரிக்காதீர்கள்.

கருவி விஷயத்துக்கு வருகிறேன். மாட்டிய முதல் நாள் என்ன கேட்கும் என்று நான் நூற்றுக்கணக்கான பேருக்கு விளக்கியிருக்கிறேன், காகிதம் புரட்டுவது பட்டாசு மாதிரி இருக்கும், உங்கள் குரலே பீப்பாய்க்குள்ளிருந்து வரும் என்று. எனக்கு நடந்தபோது அரைமணி நேரத்தில் கழற்றிவிட்டேன். மூளைக்கு மறந்துபோன சத்தங்களை மறுபடி வரிசைப்படுத்தச் சில வாரம், சிலருக்குச் சில மாதம் பிடிக்கும், தினமும் போட்டால்தான். விசேஷத்துக்கு மட்டும் மாட்டுகிறேன் என்பவர்களின் கருவி கடைசியில் டிராயரில் தூங்கும், ஏனென்றால் கூட்டமும் இரைச்சலும் உள்ள இடம்தான் அதற்கு மிகக் கடினமான பரீட்சை. அமைதியான அறையில் ஒரே ஒரு ஆளோடு பழகிவிட்டு அங்கே போகவேண்டும். அதோடு, மாட்டியதும் பழைய காது திரும்பி வந்துவிடாது. மூக்குக் கண்ணாடி மாதிரி என்று சொல்லி விற்பவர்களை நம்பாதீர்கள், கண்ணாடி போட்டதும் தெளிகிற மாதிரி இது தெளியாது.

பயமுறுத்தி விற்பவர்களையும்தான். காதுக் குறைவுக்கும் மறதி நோய்க்கும் தொடர்பு இருக்கிறது என்பது உண்மை. ஆனால் கருவி போட்டால் மறதி வராது என்று யாராவது அடித்துச் சொன்னால் கொஞ்சம் பொறுங்கள். 2023இல் லான்செட் என்ற மருத்துவ இதழில் வந்த ஆய்வில் 70 முதல் 84 வயது வரையிலான 977 பேரை மூன்று வருஷம் கவனித்தார்கள். மொத்தமாகப் பார்த்தால் கருவி பெற்றவர்களுக்கும் மற்றவர்களுக்கும் வித்தியாசம் இல்லை, ஏற்கெனவே ஆபத்துக் காரணிகள் அதிகம் இருந்த பிரிவில் மட்டும் கருவி பெற்றவர்களுக்கு அறிவாற்றல் சரியும் வேகம் 48 சதவீதம் குறைந்தது. நல்ல செய்திதான், அளவோடு. பேத்தி சொல்வது புரிய வேண்டும் என்பதே போதுமான காரணம் என்று எனக்குத் தோன்றுகிறது.

உலக சுகாதார நிறுவனத்தின் 2021 அறிக்கைப்படி ஏதோ ஓர் அளவில் காது குறைந்தவர்கள் 150 கோடிக்கும் மேல், அதில் 43 கோடிப் பேருக்குச் சிகிச்சையோ பயிற்சியோ தேவை. இந்தக் கூட்டம் முழுக்க என் மாதிரி இருந்து இழந்தவர்களும் இல்லை. பிறவியிலேயே கேளாமல் சைகை மொழியில் வளர்ந்தவர்கள் பலர் இதை இழப்பு என்று நினைப்பதே இல்லை. அவர்களுக்குத் தங்கள் மொழி மதிக்கப்பட வேண்டும், அவ்வளவுதான். நான் எழுதுவது நடுவழியில் சத்தம் உதிர்ந்துபோனவர்களைப் பற்றி.

அவசரமான விஷயம் ஒன்று, இதை மட்டும் மனசில் வைத்துக்கொள்ளுங்கள். தூங்கி எழுந்தபோதோ ஓரிரு நாளுக்குள்ளோ ஒரு காது திடீரென்று அடைத்துப்போய்க் கேட்காமல் போனால் குறும்பியாக இருக்கும், சளியாக இருக்கும் என்று எண்ணெய் விட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்காதீர்கள். குறும்பியாகவும் இருக்கலாம், ஆனால் நரம்பு சம்பந்தப்பட்டுத் திடீரென்று கேட்கும் திறன் போனதாக இருந்தால் ஸ்டீராய்டு சிகிச்சைக்கு முதல் இரண்டு வாரம்தான் நல்ல காலம், எவ்வளவு சீக்கிரமோ அவ்வளவு நல்லது. ஒரு மாசம் கழித்து என்னிடம் வருகிறவர்களுக்குப் பரிசோதனை செய்யும்போது எனக்கு வயிறு கலங்கும்.

எனக்கு இப்போது இரண்டு காதிலும் கருவி. இரவில் கழற்றியதும் இடது காதில் இரைச்சல் கொஞ்ச நேரம் இருக்கும், பழகிவிட்டது. வருகிறவர்களை வலது பக்க நாற்காலியில் உட்காரச் சொல்கிறேன், ஏன் என்று கேட்டால் சொல்கிறேன். காலையில் ஆடியோமீட்டரைக் கேட்டுப் பார்க்கிற வேலையை உதவியாளரிடம் கொடுத்துவிட்டேன், அவளுக்கு இருபத்தி நாலு வயது. 6000 ஹெர்ட்ஸில் அவள் விரலை உயர்த்துவாள். அவளுடைய விரலைப் பார்த்து, மெஷின் சரியாக இருக்கிறது என்று நோட்டில் எழுதிக்கொள்கிறேன்.