சி99 என்றதும் ஸ்ட்ர்டப் எங்கே போகிறது?

நேற்றுவரை ஒழுங்காகக் கம்பைல் ஆன சி நிரல். அதில் ஒரு வரியும் மாறவில்லை. ஜிசிசி என்ற கம்பைலருக்கான கட்டளையில் மொழித் தரம் சி99 (சி மொழியின் 1999ஆம் ஆண்டுத் தரம்) என்று மட்டும் குறிப்பிடுகிறோம். உடனே ஸ்ட்ர்டப் (எழுத்துச் சரத்தைப் பிரதியெடுக்கும் ஃபங்ஷன்), பீஓபன் (வேறொரு நிரலை இயக்கும் ஃபங்ஷன்) எதுவும் தெரியாது என்கிறது கம்பைலர். தேவையான ஹெடர்கள், அதாவது ஃபங்ஷன்களின் அறிவிப்புகள் அடங்கிய கோப்புகள், எல்லாம் சேர்த்துத்தான் இருக்கின்றன. அப்புறம் என்ன கோளாறு?

அந்த ஃபங்ஷன்கள் எங்கும் போகவில்லை. நூலகத்துக்குள் இருந்த இடத்திலேயே இருக்கின்றன. ஹெடரில் உள்ள அவற்றின் அறிவிப்புதான் கம்பைலரின் கண்ணுக்கு எட்டவில்லை.

ஜிசிசியில் சி99, க்னு99 என இரண்டு அமைப்புகள் உண்டு. முதலாவது கறாரானது, இரண்டாவது கூடுதல் வசதிகளையும் அனுமதிப்பது. முதலாவதைக் கேட்டால் 'ஸ்ட்ரிக்ட் ஆன்சி' என்ற மேக்ரோவை, அதாவது ஹெடர்கள் பார்த்துக்கொள்ளும் ஓர் அடையாளப் பெயரை, கம்பைலரே வரையறுத்துவிடும். லினக்ஸின் சி நூலகமான ஜிலிப்சியின் ஹெடர்கள் முதல் வேலையாக ஃபீச்சர்ஸ் ஹெடரை இழுத்துக்கொள்ளும். அங்கே இந்த மேக்ரோ தென்பட்டால், சி தரத்தில் உள்ளவை மட்டும் போதும் என்று முடிவாகி, யூனிக்ஸ் வகை இயங்குதளங்களுக்கான போசிக்ஸ் தரத்தின் அறிவிப்புகள் விடுபடும். ஸ்ட்ர்டப், பீஓபன் இரண்டும் அந்த வகைதான். இது வீம்பு அல்ல. தரத்தை மட்டும் நம்பி எழுதுபவர் தன் ஃபங்ஷனுக்கு பீஓபன் என்றே பெயர் வைக்கலாம். நூலகம் அதில் மோதக் கூடாது. நியாயமான ஏற்பாடு என்றே நினைக்கிறேன்.

ஆபத்து வேறிடத்தில் இருக்கிறது. அறிவிக்காத ஃபங்ஷனை அழைப்பதை 2024இல் வந்த ஜிசிசி 14தான் பிழையாக்கியது. அதற்கு முந்தையவை ஓர் எச்சரிக்கையோடு விட்டுவிடும். அந்த ஃபங்ஷன் முழு எண் ஒன்றைத் திருப்பித் தரும் என்று தாமே வைத்துக்கொள்ளும். ஸ்ட்ர்டப் தருவதோ 64 பிட் முகவரி. பதினாறடிமானத்தில் அது 555555559260 என்று வைத்துக்கொள்வோம். முழு எண்ணில் 32 பிட்டுக்குத்தான் இடம், மிஞ்சுவது 55559260. அந்த முகவரியில் நமக்கு எதுவும் இல்லை. தொட்ட நொடியில் நிரல் செத்துவிழும். எச்சரிக்கையைப் படிக்காதவர் ஸ்ட்ர்டப்பையே சந்தேகித்துக்கொண்டிருப்பார்.

சரி, தீர்வு? க்னு99க்கு மாறலாம். சி99தான் வேண்டுமென்றால் 'போசிக்ஸ் சி சோர்ஸ்' மேக்ரோவுக்கு 200809 என்ற மதிப்பைக் கொடுக்கலாம். 2008 செப்டம்பர் என்று பொருள். நான் இதையே விரும்புவேன், எதை நம்பியிருக்கிறோம் என்பது நிரலிலேயே தெரியும். ஆனால் முதல் ஹெடருக்கு மேலே எழுத வேண்டும். ஃபீச்சர்ஸ் ஹெடர் ஒருமுறைதான் முடிவெடுக்கும். பிறகு சொன்னால் காதில் விழாது.

சி++ எழுதுபவர்கள் லினக்ஸில் இந்தச் சிக்கலைப் பார்ப்பதே அரிது. அங்கே க்னு வசதிகளுக்கான மேக்ரோவைக் கம்பைலரே போட்டுவிடுகிறது. சியிலும் ஸ்ட்ர்டப்புக்கு விடிவு வந்தாயிற்று. சி மொழியின் புதிய தரமான சி23 அதைத் தன்னிலேயே சேர்த்துக்கொண்டது. பீஓபனுக்கு இன்னமும் போசிக்ஸ்தான் கதி.