எதற்காகத் தொடங்கிய மருந்து?

முதியோர் பராமரிப்பு இல்லங்களில் மருந்துப் பட்டியலைச் சரிபார்ப்பது என் வேலை. டிமென்ஷியா எனப்படும் மறதிநோய் உள்ளவரின் பட்டியலில் ரிஸ்பெரிடோன், குவெடியாபின் போன்ற மனநோய் மருந்தைக் கண்டால், எதற்காகத் தொடங்கினார்கள் என்று கேட்பேன். பெரும்பாலும் யாருக்கும் தெரிந்திருக்காது. மருத்துவமனையில் எழுதியதாம், அப்படியே தொடர்கிறதாம்.

கத்துகிறார், குளிப்பாட்ட வந்தவரை அடிக்கிறார் என்பதுதான் வழக்கமான காரணம். வலியைச் சொல்லத் தெரியாதவர் வேறு என்ன செய்வார்? மலச்சிக்கல், சிறுநீர்த் தேக்கம், பல்வலி, மூட்டுவலி எல்லாவற்றையும் முதலில் பார்க்க வேண்டும். 2011இல் வெளியான நார்வே ஆய்வொன்றில், பெரும்பாலும் பாராசிட்டமாலைக் கொண்டே வலியை முறையாகத் தணித்தபோது முதியோரின் கொந்தளிப்பு குறைந்தது. வெறும் பாராசிட்டமால்! குளிக்கும் நேரத்தை மாற்றுவதும், பழகிய ஒருவரே குளிப்பாட்டுவதும்கூடப் பல சமயம் போதும். ஓயாமல் நடப்பதற்கும் கேட்டதையே கேட்பதற்கும் இம்மருந்துகளால் பயனில்லை. ஆளை அசத்திப்போடுவதைத்தான் குணம் என்று எண்ணிக்கொள்கிறோம். ஆள் பற்றாக்குறையை மாத்திரையால் ஈடுகட்டுகிறோமோ என்ற சந்தேகம் எனக்கு உண்டு.

ஆபத்து சிறியதல்ல. மறதிநோய் உள்ள முதியோரிடம் இம்மருந்துகளால் மரண அபாயம் 1.6 முதல் 1.7 மடங்காகக் கூடுகிறது என்று அமெரிக்காவின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2005இல் எச்சரித்தது. பக்கவாதம், கீழே விழுதல், விழுங்கச் சிரமப்பட்டு வரும் நிமோனியா ஆகியவையும் உண்டு. லூயி பாடி எனும் புரதத் திரள்கள் மூளையில் சேர்வதால் வரும் மறதிநோயில் ஒரு சிறு அளவே உடலை விறைக்கச் செய்து உயிருக்கு உலை வைக்கலாம்.

மனச்சிதைவு நோய்க்காக இம்மருந்தை எடுப்பவரின் கதை வேறு. அங்கே கை வைக்கக் கூடாது. மறதிநோயிலும், தனக்கோ பிறருக்கோ தீங்கு நேரும் நிலையிலோ, மாயக்காட்சிகள் வாட்டும்போதோ குறைந்த அளவில் தேவைப்படலாம். நான்கு வாரங்களில் பலன் தெரியாவிட்டால் படிப்படியாகக் குறைத்து நிறுத்த வேண்டும். பலன் இருந்தாலும், தொடங்கிய நான்கு மாதங்களுக்குள் குறைத்துப் பார்ப்பதே வழிகாட்டுதல்.

குடும்பத்தார் திடீரென்று தாங்களாகவே நிறுத்திவிட வேண்டாம். மருத்துவரிடம் மறுபரிசீலனைத் தேதியைக் கேட்டு வாங்குங்கள். குறைக்கும் காலத்தில் எந்த நேரத்தில், எதற்குப் பின் கொந்தளிப்பு வருகிறது என்று பணியாளர்கள் குறித்துவைக்கட்டும். அறிகுறிகள் கடுமையாகத் திரும்பினால் முந்தைய அளவுக்கே போகலாம். சில மாதங்கள் கழித்து மீண்டும் முயன்று பார்க்கத் தடையில்லை.